ஒரே மிக்-3, இரண்டு படம், இரண்டு நிறம்: எதை நம்புவது?

பசைக்குப்பி (மதுரை) கேட்டது:

வணக்கம். பகலில் வங்கி வேலை, ராத்திரி பத்து மணிக்கு மேல் பிளாஸ்டிக் விமானம் ஒட்டுவேன். மேசையில் இப்போது 1/48 அளவில் ஒரு மிக்-3, இரண்டாம் உலகப்போர்க் காலத்துச் சோவியத் போர்விமானம், நிற்கிறது. ஒட்டி, உப்புத்தாள் போட்டு, பிரைமரும் அடித்து இரண்டு மாதம் ஆகிறது. என்ன நிறம் என்று தெரியாமல் அதற்குமேல் கை ஓடவில்லை.

விஷயம் இதுதான். ஒரு ஜெர்மன் சிப்பாயின் போர்க்கால ஆல்பத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்து யாரோ ஏலத்தில் விற்றார்கள். ஒரே ஒரு பக்கத்தின் பெரிய ஸ்கேன் எனக்குக் கிடைத்தது. அதில் இரண்டு படங்கள். கீழே பென்சிலில் ‘ஸ்மோலென்ஸ்க், ஜூலை 41’ என்று ஜெர்மனில் எழுதியிருக்கிறது. புல்வெளியில் ஒரு மிக்-3. ஒரு சக்கரம் மடிந்து இடது இறக்கை தரையில் ஊன்றியிருக்கிறது, வலது இறக்கை மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது. அதனால் அதன் அடிப்பாகமும் தெரிகிறது. இரண்டு படத்திலும் அதே விமானம்தான், சந்தேகமே வேண்டாம்: வாலின் ரட்டரில் (சுக்கானில்) அதே இடத்தில் கிழிசல், புரொப்பெல்லரின் ஒரு பிளேடு அதே மாதிரி வளைந்திருக்கிறது, உடலில் வெள்ளை 7.

ஆனால் நிறம் ஒத்துப்போகவில்லை.

முதல் படத்தில் நட்சத்திரம் கன்னங்கரேல் என்று இருக்கிறது. அதைச் சுற்றிக் கோடு எதுவும் இல்லை. விமானத்தின் மேல்பக்கம் முழுக்க ஒரே அடர்த்தி. இறக்கையின் அடிப்பாகம் வெள்ளைத்தாள்.

இரண்டாவது படத்தில் நட்சத்திரம் எங்கே என்றே முதலில் தெரியவில்லை. உடலும் அதுவும் ஒரே சாம்பல். நூல் மாதிரி ஒரு கறுப்பு விளிம்பு இருப்பதால்தான் கண்டுபிடித்தேன். கேனபிக்கு (விமானியின் தலைக்கு மேல் உள்ள கண்ணாடி மூடி) பின்னால் முதுகில் கருமையான பட்டைகள் ஓடுகின்றன. அடிப்பாகம் வெள்ளை இல்லை, நல்ல சாம்பல்.

கிட்டோடு வந்த தாள் பச்சையும் காவிப் பழுப்பும் அடிக்கச் சொல்கிறது. நிறமேற்றும் செயலி ஒன்றில் இரண்டாவது படத்தைப் போட்டேன், அதுவும் பச்சைக்கு மேல் துருப்பிடித்த பழுப்பு காட்டியது. அந்தத் தைரியத்தில் ஒருமுறை பழுப்பு அடித்தேன். மறுநாள் முதல் படத்தைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை, தின்னர் போட்டுத் துடைத்துவிட்டேன். கம்ப்யூட்டரில் கலர் டிராப்பர் வைத்து ஒவ்வொரு இடமாக எண் எடுத்தும் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

இரண்டு படத்துக்கும் நடுவில் யாராவது விமானத்துக்கு வண்ணம் அடித்தார்களா? இல்லை, இரண்டில் ஒன்று பொய்யா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நாலாம்கட்டை பதில்:

தோழர், எனக்கு இதில் பெரிய குழப்பம் தெரியவில்லை. 1941 ஜூனில் எல்லைப்பக்கம் நின்ற மிக்-3 நிறைய மேலே ஒரே பச்சை, கீழே வெளிர்நீலம். அப்படித்தான் தொழிற்சாலையிலிருந்து வந்தன. உங்கள் இரண்டாவது படத்தில் இருக்கும் பட்டைகள் நிழலாக இருக்கும். விமானத்தை மறைக்க மரக்கிளைகளை வெட்டி மேலே போடுவது அவர்கள் வழக்கம். கிளை நிழலும், இலை ஒட்டிக் காய்ந்த கறையும் படத்தில் இப்படித்தான் விழும். நான் என்றால் முதல் படத்தை நம்பி ஒரே பச்சை அடிப்பேன்.

இருட்டறை (கும்பகோணம்) பதில்:

தம்பி, எங்கள் அப்பா ஸ்டுடியோ வைத்திருந்தார். பதினாறு வயதில் இருட்டறைக்குள் போனவன், டிஜிட்டல் வந்து கடையை மூடும்வரை அதற்குள்தான் இருந்தேன். சோவியத் விமானங்கள் மேல் ஆசை பிற்பாடு வந்தது. படத்தை வாசிக்கும் பழக்கம் அதற்கு முன்பே கைவசம் இருந்தது. அதனால் நான் விமானத்தில் தொடங்காமல் ஃபிலிமில் தொடங்குகிறேன்.

உங்கள் வீட்டில் தாத்தா பாட்டி கல்யாணப் படம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். பெண்ணின் நெற்றியில் குங்குமம் கரிப்பொட்டு மாதிரி இருக்கும். அரக்குப் பட்டு கறுப்புப் புடவையாகத் தெரியும். காரணம், அந்தக் காலத்து ஆர்த்தோ ஃபிலிமுக்கும் பிளேட்டுக்கும் நீலமும் பச்சையும் தெரியும், சிவப்பு தெரியாது. சிவப்பு விளக்கை எரியவிட்டுக்கொண்டே அப்பா அதைக் கழுவியது அதனால்தான். பான் ஃபிலிம் அப்படி இல்லை. அதற்குச் சிவப்பும் தெரியும், கும்மிருட்டில் கை பழக்கத்தில் கழுவ வேண்டும்.

1941-இல் இரண்டு வகையும் கடையில் கிடைத்தன. அக்ஃபா கம்பெனியே ஐசோக்ரோம் என்று ஆர்த்தோவும் ஐசோபான் என்று பானும் விற்றது. ஒரே படைப்பிரிவில் ஒருவன் பெட்டியில் அது இருக்கும், பக்கத்தில் நிற்பவன் பெட்டியில் இது இருக்கும். படங்களைப் பிரதி போட்டு ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வார்கள். உங்கள் ஆல்பக்காரர் ஒரு படத்தைத் தானே எடுத்து, இன்னொன்றைச் சிநேகிதனிடம் வாங்கி அதே பக்கத்தில் ஒட்டியிருக்கலாம்.

இப்போது நீங்கள் எழுதியதையே திரும்பப் படியுங்கள். முதல் படத்தில் நட்சத்திரம் கன்னங்கரேல். அது குங்குமப் பொட்டு கதைதான். சிவப்பு கறுப்பாகிவிட்டதால், அதைச் சுற்றியிருந்த கறுப்பு விளிம்பு அதற்குள்ளேயே கரைந்துபோனது. வெளிர்நீல வயிறு ஆர்த்தோவில் வெளுத்து வெள்ளைத்தாள் ஆகும். மேலே இருக்கும் பச்சை சுத்தமான பச்சை கிடையாது, காயத் தொடங்கிய வேப்பிலை மாதிரி மஞ்சள் கலந்தது. அந்த மஞ்சளில் உள்ள சிவப்புப் பங்கை ஆர்த்தோ விழுங்கிவிடுவதால் பச்சை இன்னும் கறுத்து விழும். கறுத்த பச்சைக்கு மேல் கறுப்புப் பட்டை இருந்தால் எப்படித் தெரியும்? இரண்டும் ஒன்றாகிவிடும்.

இரண்டாவது படம் பான் ஃபிலிம், அதுவும் லென்ஸில் மஞ்சள் ஃபில்டர் போட்டு எடுத்தது என்று நினைக்கிறேன். மஞ்சள் ஃபில்டர் நீலத்தை வெட்டும், அதனால் வயிறு சாம்பலானது. சிவப்பும் இந்தப் பச்சையும் பான் ஃபிலிமில் ஏறக்குறைய ஒரே சாம்பலில் வந்து நிற்கும், நட்சத்திரம் உடலோடு கலந்ததற்கு அதுதான் காரணம். பச்சை சற்று வெளுத்ததால் கறுப்புப் பட்டை தனியே பிரிந்து தெரிகிறது. இரண்டு படமும் உண்மையைத்தான் சொல்கின்றன. ஒவ்வொரு ஃபிலிமும் தனக்குத் தெரிந்ததைச் சொல்கிறது.

என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், சோதித்துப் பாருங்கள். படத்தில் நிறம் தெரிந்த பொருள் ஒன்றைத் தேடுங்கள். ஜெர்மன்காரர்கள் தங்கள் விமானமே தங்களைக் குண்டு போடாமல் இருக்க, வண்டிகளின் மேல் ஸ்வஸ்திகா கொடியை விரித்துக் கட்டுவார்கள். அந்தக் கொடியின் சிவப்பு ஒரு படத்தில் நடுவில் இருக்கும் சின்னத்தைப் போலவே கறுப்பாக இருந்தால் ஆர்த்தோ, சாம்பலாக இருந்தால் பான். கொடி இல்லையென்றால் முகங்களைப் பாருங்கள். ஜூலை வெயிலில் கன்றிச் சிவந்த முகம் ஆர்த்தோவில் அழுக்கு அப்பியது மாதிரி கறுத்து, புள்ளி புள்ளியாக இருக்கும். உதடு கறுப்பாக இருக்கும். வானத்தையும் பாருங்கள். மேகம் தனியாகத் தெரிந்தால் ஃபில்டர் போட்டிருக்கிறான்.

நாலாம்கட்டை சொன்ன கிளை நிழல் சாதாரணமான சந்தேகம் இல்லை, நானும் அதில் ஏமாந்திருக்கிறேன். அதற்கும் வழி உண்டு. நிழல் என்றால் பட்டை விமானத்தோடு நிற்காது, தரையிலும் பக்கத்தில் உள்ள ஆள் மீதும் தொடரும். சூரியன் நகர்ந்தால் அதுவும் நகரும். வாலின் நிழல் விழுந்திருக்கும் திசையை இரண்டு படத்திலும் பார்த்தால் நேரம் வேறா என்று தெரிந்துவிடும். முதல் படத்தின் ஸ்கேனில் கருமையான பகுதியை மட்டும் மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். பட்டை அதே இடத்தில் மங்கலாக எழும்பினால் அது பெயின்ட்.

கடைசியாக ஒன்று, டிராப்பர் வைத்து எடுத்த எண்களை அழித்துவிடுங்கள். அந்த எண் வண்ணத்தின் எண் கிடையாது. ஃபிலிம், கழுவிய மருந்து, பிரின்ட் போட்ட தாளின் கான்ட்ராஸ்ட், எண்பது வருஷ மங்கல், ஸ்கேனர் தானாகச் செய்த திருத்தம் எல்லாம் சேர்ந்த எண் அது. ஒரு படத்துக்குள் இது அதைவிடக் கறுப்பு, அது இதைவிட வெளுப்பு என்று ஒப்பிடலாம். ஒரு படத்தின் சாம்பலை இன்னொரு படத்தின் சாம்பலோடு ஒப்பிடவே கூடாது. நிறமேற்றும் செயலிக்கு நட்சத்திரத்தின் சிவப்பே தெரியாதபோது பட்டையின் பழுப்பு எங்கிருந்து தெரியும்? அது தான் பார்த்த வேறு படங்களின் பழக்கத்தில் ஒரு நிறத்தை வைக்கிறது.

பசைக்குப்பி:

ஐயா, இதை வாசித்துவிட்டு ராத்திரி ஒன்றரை மணிவரை ஸ்கேனை விட்டு எழுந்திருக்கவில்லை.

கொடி இருக்கிறது! இரண்டு படத்திலும் விமானத்துக்குப் பின்னால் ஒரு லாரி நிற்கிறது, பானட் மேல் துணி கட்டியிருக்கிறது. இத்தனை நாள் தார்ப்பாய் என்று நினைத்திருந்தேன். முதல் படத்தில் கறுப்புத் துணி நடுவில் வெள்ளை வட்டம். இரண்டாவதில் அதே துணி சாம்பல். முதல் படத்தில் இறக்கைமேல் ஏறி நிற்கும் ஆளின் முகம் கரி பூசியதுபோல இருக்கிறது. இரண்டாவது படத்தில் மேகங்கள் தெளிவாக இருக்கின்றன.

முதல் படத்தின் கருமையைத் தூக்கினேன். கேனபிக்குப் பின்னால் ஒரு பட்டை, வாலுக்கு முன்னால் ஒரு பட்டை, புகைபோல மெலிசாக எழுந்தன. இரண்டாவது படத்தில் இருக்கும் அதே இடம். வாலின் நிழல் முதல் படத்தில் குட்டையாக வலப்பக்கம், இரண்டாவதில் நீளமாக இடப்பக்கம். ஆக மணி வேறு, பட்டை ஒன்று.

புதிதாக ஒன்று கண்ணில் பட்டது. இரண்டாவது படத்தில் என்ஜின் மூடியின் பச்சையும் கேனபிக்குப் பின்னால் உள்ள பச்சையும் ஒரே சாம்பல் இல்லை. மூடி கொஞ்சம் வெளுப்பு. கோடு போட்டதுபோலச் சரியாக ஓர் இணைப்பில் மாறுகிறது. அங்கே ஏதாவது மாற்று மூடியா?

இருட்டறை:

மாற்று மூடியாகவும் இருக்கலாம், ஆனால் அதற்கு முன் மிக்-3 எதனால் செய்தது என்று பாருங்கள். முன்பாதி உலோகக் குழாய்ச் சட்டத்தின் மேல் டியூராலுமின் தகடு. பின்பாதி முழுக்க மரம், ஒட்டுப்பலகை. இறக்கையிலும் நடுப்பகுதி உலோகம், வெளிப்பகுதி மரம். அலுமினியம் தட்டுப்பாடு, அதனால் மரத்தை எங்கெல்லாம் வைக்க முடியுமோ அங்கெல்லாம் வைத்தார்கள்.

சோவியத் தொழிற்சாலைகளில் மரத்துக்கும் துணிக்கும் ஒரு பெயின்ட், உலோகத்துக்கு வேறு பெயின்ட். மரத்துக்கும் துணிக்கும் நைட்ரோ வகை: ஏஎம்டி-4 பச்சை, ஏஎம்டி-6 கறுப்பு, ஏஎம்டி-7 வெளிர்நீலம். உலோகத்துக்கு எண்ணெய் வகை: ஏ-24எம் பச்சை, ஏ-26எம் கறுப்பு, ஏ-28எம் வெளிர்நீலம். பச்சைக்குப் பச்சை ஒத்துப்போக வேண்டும் என்பது விதி. ஆனால் எண்ணெய் பெயின்டும் நைட்ரோ பெயின்டும் வெயிலில் ஒரே மாதிரி வயதாவதில்லை. என்ஜின் சூடு, சிந்திய எண்ணெய், அதைப் பெட்ரோல் துணியால் துடைப்பது எல்லாம் மூடிக்குத்தான். இணைப்பில் கோடு போட்டதுபோல மாறுகிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. உலோகம் முடிந்து மரம் தொடங்கும் இடம் அது. 1941-இல் ஒரு பெயின்டர் இரண்டு டப்பாவைத் திறந்து வேலை பார்த்தது எண்பது வருஷம் கழித்து மதுரையில் தெரிகிறது.

ஒரு திருத்தமும் சொல்லிவிடுகிறேன். ஏஎம்டி வரிசை 1941 நடுவில்தான் வருகிறது. உங்கள் 7-ஆம் எண் அந்த வருஷத்தின் முதல் மாதங்களில் தொழிற்சாலையை விட்டது என்றால் மரப்பகுதியில் பழைய ஏஐஐ வரிசைப் பச்சை இருக்கும். அது மட்டாக இருக்காது, கொஞ்சம் மினுக்கும். இரண்டாவது படத்தில் முதுகின் வளைவில் வெளிச்சம் கோடாக விழுகிறதா, பரவலாக விழுகிறதா என்று பாருங்கள்.

வெண்பனி (சேலம்) பதில்:

இருட்டறை ஐயா ஃபிலிம் பக்கம் சொன்னதற்கு நான் தேதிப் பக்கத்திலிருந்து சேர்க்கிறேன். படத்தில் நிறத்தைத் தேடுவதற்கு முன்னால் அந்த நிறம் அந்தத் தேதியில் இருந்திருக்க முடியுமா என்று கேட்பது என் வழக்கம். பாதி சந்தேகம் அதிலேயே போய்விடும்.

ஜெர்மனி சோவியத் நாட்டின் மேல் போர் தொடங்கியது 1941 ஜூன் 22. அதற்கு மூன்று நாள் முன்னால், ஜூன் 19-இல், சோவியத் பாதுகாப்பு மக்கள் ஆணையம் (பாதுகாப்பு அமைச்சகம் மாதிரி) 0042 என்ற உத்தரவைப் போடுகிறது. விமானத்தளங்களை மறைக்க உருப்படியாக எதுவும் செய்யவில்லை என்று கண்டிக்கிற உத்தரவு அது. மறுநாளே விமானங்களின் மறைப்பு வண்ணம் பற்றி அரசாங்கத்தின் தீர்மானம். பச்சைக்கு மேல் கறுப்புப் பட்டை பரவலாக வருவது அதற்குப் பிறகுதான். ஸ்மோலென்ஸ்க் நகருக்குள் ஜெர்மன்காரர்கள் நுழைந்தது ஜூலை 16. இடையில் மூன்று வாரத்துக்கு மேல் இருக்கிறது. பச்சையாக வந்த விமானத்துக்குத் தளத்திலேயே கறுப்பை அள்ளிப் பூச அது போதுமான நேரம். நாலாம்கட்டை சொன்னதும் சரிதான், ஜூன் 22 காலையில் எல்லையில் எரிந்த விமானங்கள் பெரும்பாலும் ஒரே பச்சை. இந்த 7 அதற்குப் பிறகும் சில வாரம் பிழைத்திருந்தது.

பழுப்பு விஷயம். ஏஎம்டி-1 என்ற வெளிர்பழுப்பு உண்மையில் உண்டு, ஆனால் அது வேறு கதை. பச்சை, வெளிர்பழுப்பு, கருஞ்சாம்பல் என்ற மூவண்ணம் 1943-இலிருந்து இல்-2 போன்ற தாக்குதல் விமானங்களுக்கும் குண்டுவீச்சு விமானங்களுக்கும் வந்தது. அதே ஆண்டு ஜூலையில் போர்விமானங்களுக்கு மேல்பக்கம் இரண்டு சாம்பல் என்று உத்தரவு: நீலம் கலந்த சாம்பல் ஏஎம்டி-11, கருஞ்சாம்பல் ஏஎம்டி-12. மிக்-3 உற்பத்தி 1941 முடிவோடு ஏறக்குறைய நின்றுவிட்டது. அந்தப் பழுப்பு தொழிற்சாலைக்கு வரும்போது மிக்-3 அங்கே இல்லை.

இதே கணக்கை மறுபக்கமும் போடலாம். யாக்-3, லா-7 என்ற போர்விமானங்கள் இரண்டும் 1944-இல்தான் வரிசை உற்பத்திக்கு வந்தன. பழைய கிட்களில் அவற்றுக்குப் பச்சையும் கறுப்பும் அடித்துப் படம் போட்டிருப்பார்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் இரண்டு அடர்த்தி தெரிந்தால் பச்சை-கறுப்பு என்று அன்றைக்கு எடுத்துக்கொண்டார்கள், அது இரண்டு சாம்பல்.

எனக்கு மிகவும் பிடித்த சிக்கல் குளிர்கால வெள்ளை. எம்கே-7 என்ற வெள்ளையை பச்சைக்கு மேலேயே பூசினார்கள், வசந்தத்தில் கழுவி எடுக்கிற பெயின்ட் அது. மேற்பரப்பு சொரசொரப்பாகி விமானத்தின் வேகமே குறைந்தது. மார்ச், ஏப்ரல் படங்களில் பாதி கழுவிய விமானத்தைப் பார்த்தால் சத்தியமாக மூவண்ண மறைப்பு என்றே தோன்றும். நான் ஒரு யாக்-1 படத்தை ஒரு வருஷம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். பிறகு பார்த்தால் அந்த ‘மூன்றாவது நிறம்’ துடைக்கும் துணி எட்டும் உயரம்வரை இல்லவே இல்லை, அதற்கு மேலே மட்டும்தான் இருந்தது. கீழே நின்று துடைத்தவர்களின் கைக்கு எட்டாத வெள்ளை.

பத்திரிகைப் படங்களில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். சோவியத் போர்ப் புகைப்படக்காரர் யெவ்கேனி ஹல்தேய் மூர்மன்ஸ்க்கில் எடுத்த புகழ்பெற்ற கலைமான் படம் தெரியுமா? மானுக்கு மேலே பறக்கும் ஹரிக்கேன் விமானங்களும் வெடிக்கும் குண்டும் பிற்பாடு வேறு நெகடிவிலிருந்து சேர்த்தவை. படமாக அது மனதை உலுக்கும். வண்ணத்துக்குச் சாட்சியாக அதை நான் கூப்பிட மாட்டேன். சிப்பாயின் ஆல்பப் படம் கலையாக ஒன்றுமில்லாவிட்டாலும் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

படம் தேடுகிறவர்களுக்கு: பின்லாந்து ராணுவத்தின் போர்க்கால ஆவணக்காப்பகம் 2013-இல் சுமார் 1,60,000 படங்களை இணையத்தில் திறந்துவிட்டது. விழுந்த சோவியத் விமானங்களும், பின்லாந்து கைப்பற்றித் தானே ஓட்டிய எஸ்பி, ஐ-153, லாக்-3 எல்லாமும் அதில் உண்டு. கொஞ்சம் வண்ணப் படங்களும் இருக்கின்றன. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: தங்கள் கைக்கு வந்ததும் பின்லாந்துக்காரர்கள் வேறு வண்ணம் அடித்துவிடுவார்கள். இறக்கையில் அவர்கள் சின்னம் இருந்தால் அதற்குக் கீழே இருப்பது சோவியத் பெயின்ட் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

செயின்நதிக்கரை (பாரிஸ்) பதில்:

நான் யாழ்ப்பாணம், இப்ப பாரிஸில இருக்கிறன். வெண்பனி யாக்-3 எண்டு எழுதினபடியால் சொல்லுறன். நோர்மண்டி-நீமென் எண்ட பிரெஞ்சுப் படைப்பிரிவு சோவியத் பக்கம் நிண்டு சண்டை பிடிச்சது. போர் முடிய அவையள் ஓட்டின யாக்-3களை அவையளுக்கே குடுத்து அனுப்பினவை. 1945 ஜூன் 20 அண்டைக்கு லு பூர்ஜே விமானத்தளத்தில வந்து இறங்கினவை. அதில ஒண்டு இப்பவும் லு பூர்ஜே அருங்காட்சியகத்தில இருக்கு. மகனையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தனான்.

கைபேசியில ஒரு இருபது படம் எடுத்தன். வீட்டை வந்து பார்த்தால் வாசல் பக்கத்தில இருந்து எடுத்ததில நீலச் சாம்பல், உள்பக்கத்து விளக்குக்குக் கீழ எடுத்ததில பச்சை பிடிச்ச சாம்பல். ஒரே நாள், ஒரே விமானம், ஒரே கைபேசி. அண்டைக்குத்தான் எனக்குப் பழைய படக்காரர் மேல கோபம் போனது. மற்றது, எந்த அருங்காட்சியகத்து விமானத்தைப் பார்த்தாலும் அந்தப் பூச்சு எந்த ஆண்டு அடிச்சது எண்டு முதல்ல விசாரியுங்கோ. விமானம் பழசாய் இருக்கும், பூச்சு புதுசாய் இருக்கலாம்.

நாலாம்கட்டை:

கிளை நிழல் என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். நிழலின் திசையைப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு சந்தேகம். 1942 மார்ச்சில் எடுத்த அந்த வெள்ளை மிக்-3 வரிசை, மாஸ்கோவைக் காத்த 12-ஆம் காவல்படைப் பிரிவு, உடலில் ‘தாய்நாட்டுக்காக’, ‘ஸ்டாலினுக்காக’ என்று எழுதியவை. இறக்கையின் வெளிப்பகுதி சிவப்பு என்று நிறைய ஓவியங்களில் வரைகிறார்கள். ஆர்த்தோ, பான் கணக்கை அதற்கும் போடலாமா?

இருட்டறை:

போடலாம். அதற்கு நட்சத்திரமே அளவுகோல், ஏனென்றால் அது சிவப்பு என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் உடலில் இருக்கும் நட்சத்திரத்தையும் இறக்கையின் மேல்பக்கத்தையும் நேராக ஒப்பிட்டுவிடாதீர்கள். உடல் செங்குத்தாக நிற்கிறது, அதில் விழுவது பக்கவாட்டு வெளிச்சம், கீழே பனியிலிருந்து எதிரொளிக்கும் வெளிச்சம். இறக்கை மல்லாந்து வானத்தைப் பார்க்கிறது. ஒரே டப்பா சிவப்பை இரண்டிலும் பூசினாலும் படத்தில் இரண்டு சாம்பல் வரும். வெள்ளையை வைத்து முதலில் அந்த வித்தியாசத்தை அளக்க வேண்டும்: உடலின் வெள்ளைக்கும் இறக்கை நடுப்பகுதியின் வெள்ளைக்கும் எவ்வளவு ஏற்ற இறக்கம் என்று பாருங்கள். அதே அளவு ஏற்ற இறக்கம் நட்சத்திரத்துக்கும் இறக்கையின் கருமைக்கும் இருந்தால், சிவப்பு என்ற வாதத்துக்கு பலம் கூடும். அது பொருந்தவில்லை என்றால் வெள்ளை அடிக்காமல் விட்ட பச்சையை யோசிக்க வேண்டும். நல்ல பிரின்டிலிருந்து எடுத்த ஸ்கேன் வேண்டும். பிரதியின் பிரதி என்றால் கருமைகள் எல்லாம் ஒன்றாகிவிடும், நேரம் வீண்.

பசைக்குப்பி தம்பிக்கு ஒரு வேலை. அடித்து முடித்ததும் மாடலை மொட்டைமாடி வெயிலில் வைத்து வண்ணப்படம் எடுங்கள். கம்ப்யூட்டரில் அதைக் கறுப்பு வெள்ளையாக்கும்போது, ஒருமுறை சிவப்பு சேனலை முழுக்க அணைத்து நீலமும் பச்சையும் மட்டும் வையுங்கள், அது ஆர்த்தோ மாதிரி. இன்னொருமுறை நீலத்தை அணைத்து சிவப்பும் பச்சையும் மட்டும் வையுங்கள், அது மஞ்சள் ஃபில்டர் போட்ட பான் மாதிரி. ஆல்பத்துப் படங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பசைக்குப்பி:

மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும்.

முதுகின் வளைவில் வெளிச்சம் கோடாகத்தான் விழுகிறது, அதனால் பின்பாதிக்கு அரை மினுக்கம் உள்ள பச்சை. என்ஜின் மூடிக்கு அதே பச்சையில் துளி மஞ்சளும் வெள்ளையும் கலந்து சற்று வெளுத்த பச்சை, மட்டாக. கறுப்பை ஏர்பிரஷ்ஷில் அடிக்கவில்லை. இரண்டாவது படத்தைப் பெரிதாக்கினால் பட்டையின் ஓரம் பிசிறு பிசிறாக, தூரிகையின் இழுப்பு தெரிகிற மாதிரி இருக்கிறது. ஓர் இடத்தில் வெள்ளை 7-இன் கால் மீது கறுப்பு லேசாக ஏறிவிட்டது, அப்புறம் அதைத் துடைக்க முயன்ற கறையும் இருக்கிறது. அதனால் நானும் தூரிகையில்தான் பூசினேன். 7-இன் கால் மீதும் லேசாக ஏற்றி, ஈரம் காய்வதற்குள் விரலால் துடைத்தேன்.

நேற்று மாடியில் வைத்துப் படம் எடுத்தேன். சிவப்பை அணைத்ததும் நட்சத்திரம் கறுத்தது, விளிம்பு மறைந்தது, முதுகுப் பட்டைகள் காணாமல் போயின, வயிறு வெளுத்தது. நீலத்தை அணைத்தேன். நட்சத்திரம் உடலுக்குள் போய்விட்டது. நான் 0.2 மில்லிமீட்டர் டேப் வெட்டி வரைந்த கறுப்பு விளிம்பு மட்டும் நூல் மாதிரி நின்றது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, “இது உங்க பொம்மையா, அந்த ஆல்பமா?” என்று கேட்டாள்.

நான்கு படங்களையும் சேர்த்து இணைத்திருக்கிறேன்.

இருட்டறை:

பார்த்தேன் தம்பி. மூடியின் இணைப்பு அப்படியே வந்திருக்கிறது. பான் படத்தில் மட்டும் உங்கள் வயிறு ஆல்பத்தில் இருப்பதைவிட ஒரு படி வெளுப்பு. உங்கள் மாடியில் தரை சிமெண்ட், அங்கே ஜூலைப் புல். கீழே ஒரு பச்சைத் துணியை விரித்து, அதே மணிக்கு இன்னொரு தடவை எடுங்கள்.